முப்பத்திரண்டாவது கையெழுத்து

12 மார்ச் 2023, ஞாயிறு

பதினேழாங்கட்டைத் தோட்டத்தில் தண்ணீர் வடிந்து இரண்டு நாளாகிறது. காலை எட்டு மணிக்கெல்லாம் உதவியாளன் வசந்தனோடு லாரியில் போய்விட்டேன். லயத்து வரிசை வீடுகளின் சுவரில் இடுப்பளவுக்குச் சேற்றுக் கோடு. போன வருடக் கோட்டுக்கு நாலு விரல் மேலே. மெத்தைகளை இறக்கும்போது பார்த்தேன். ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் ஊறிப் பருத்த ஒரு மெத்தையை மடித்து அணையாக வைத்திருந்தார்கள். ஓரத்தில் எங்கள் நிவாரண அமைப்பின் சின்னம். போன வருடம் என் கையால் கொடுத்தது.

பெரியநாயகி அக்காவின் வீடு அது. நாற்பத்தெட்டு வயது. செம்பனை நாற்றுப் பண்ணையில் கூலி வேலை. ஒரே மகன் காந்தன், ஆயர் குரோவில் தொழிற்சாலைக்குத் தினமும் போய்வருகிறான். இதையெல்லாம் நான் கேட்க வேண்டியதே இல்லை. போன வருடப் படிவத்தைப் பார்த்து அப்படியே எழுதினேன்.

அவர் விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "நீங்க வருஷா வருஷம் மெத்த குடுக்கறீங்க மிஸ். தண்ணியும் வருஷா வருஷம் வருது. ரெண்டு பேரும் பேசி வச்சுக்கிட்ட மாதிரி இருக்கு."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது லாரியில் எனக்கு வெட்கமாக இருந்தது. பதினோரு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். எத்தனை மெத்தை.

15 மார்ச்

எங்கள் இயக்குநர் ஹரிதாஸ் சார் கூப்பிட்டார். கோலாலம்பூரில் ஒரு நிதி அமைப்பு புதிய திட்டங்களைத் தேடுகிறதாம். வெறும் நிவாரணம் வேண்டாம் என்கிறார்கள். நிவாரணம், மேம்பாடு, அமைதி மூன்றும் ஒன்றோடொன்று கோர்த்து இருக்க வேண்டுமாம். வெள்ளத்தில் மெத்தை கொடு, அடுத்த வெள்ளம் வராமல் வேலை செய், வேலை செய்யவிடாத சண்டையையும் தீர்த்து வை.

"பதினேழாங்கட்டை இதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு தேவி," என்றார்.

உண்மைதான். அங்கே மூன்றும் ஒரே கால்வாயில்தான் கிடக்கின்றன. மேட்டில் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு, பத்தொன்பது வீடு. தோட்டம் கைமாறியபோது கையெழுத்துப் போட்டுப் புது வீடு வாங்கிக்கொண்டவர்கள். பள்ளத்தில் லயம், பதின்மூன்று வீடு. மறுத்துத் தங்கிவிட்டவர்கள். எல்லோரும் ஒரே கோயிலில் திருநீறு பூசியவர்கள், பெண் கொண்டு கொடுத்தவர்கள். கால்வாய் இரண்டுக்கும் நடுவில் வளைகிறது. மழை வலுத்தால் தாமான்காரர்கள் வளைவில் மணல் மூட்டை அடுக்குவார்கள். அவர்கள் வீடு தப்பும். லயம் மூழ்கும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அப்படி அடுக்கிய மூட்டைகளை இழுத்துப் போடத்தான் பெரியநாயகி அக்காவின் கணவர் சுப்பன் இறங்கினார். மேலே நின்றவர்களில் ஒருவர் மண்வெட்டிக் காம்பால் அடித்ததாகச் சொல்கிறார்கள். கால்வாய்க் கல்லில் தலை மோதியது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் முடிந்துவிட்டது. ஆறு பேர் பக்கத்தில் நின்றார்கள். சாட்சி சொல்ல ஒருவரும் வரவில்லை. வழுக்கி விழுந்தார் என்று முடிந்தது.

அடித்தவர் காளிதாஸ், தாமானின் தலைவர். எல்லோருக்கும் தெரியும். எனக்கும்.

28 மார்ச்

முன்மொழிவு எழுதி முடித்தேன். வளைவை நேராக்கிச் சிமெண்டுக் கால்வாய். முப்பத்திரண்டு வீட்டுக்கும் கூரை. இரு தரப்புப் பெண்களும் சேர்ந்து நடத்தும் ஒரு காளான் கொட்டகை. எல்லாவற்றுக்கும் முன்னால், முதல் கட்டமாக, ஒரு சமாதான ஒப்பந்தம். மாவட்ட அலுவலகத்தில் கேட்டேன். இரு தரப்பின் சம்மதமும் ஒரே கடிதத்தில் இருந்தால் வேலையை அனுமதிப்பதில் சிக்கல் இல்லை என்றார்கள். இரண்டு தலைவர்கள் கையெழுத்துப் போட்டாலே போதும்.

நான்தான் அதற்கு மேலே ஒரு வரி சேர்த்தேன்: 'முப்பத்திரண்டு குடும்பங்களும் கையெழுத்திட்ட பிறகே இரண்டாம் கட்டம் தொடங்கும்.' தலைவர்கள் பேசி முடித்துவிட்டு ஏழை வீட்டை விட்டுவிடக் கூடாது. ஒரு குடும்பம்கூட விடுபடக் கூடாது.

ஹரிதாஸ் சார் படித்துவிட்டு, "இந்த ஒரு வரிக்கே நிதி வரும்," என்றார். லயத்தில் பிறந்த பெண் வகுத்த திட்டம் என்பதையும் எழுதச் சொன்னார். எழுதினேன்.

13 ஏப்ரல்

நிதி கிடைத்துவிட்டது. செப்டம்பர் கடைசிக்குள் கால்வாய் முடிய வேண்டும். ஜூன் பாதிக்குள் கையெழுத்துகள்.

கீழே கடைக்கார ஹமீதா அக்காவிடம் சொன்னேன். மாடி அறையை எனக்கு வாடகைக்குக் கொடுத்திருப்பவர். நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, "நல்லது செய்யப் போற, நல்லா இரு புள்ள," என்றார். மனம் நிறைந்திருக்கிறது. எப்போது இப்படி எழுதினேன் கடைசியாக?

18 ஏப்ரல்

காளிதாஸ் அண்ணன் வீடு. ஐம்பத்தைந்து வயது, ஒல்லி, சுத்தமான வெள்ளைச் சட்டை. வெறுக்கத் தயாராகப் போயிருந்தேன். அவர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, ரோஸ் சிராப் கலந்து கொண்டுவந்து வைத்து, என் அப்பா எந்தத் தோட்டம் என்று விசாரித்தார். அவருக்கு அப்பாவைத் தெரிந்திருந்தது.

"சுப்பன் செத்தது எனக்கும் வருத்தம்தான் தங்கச்சி. ஒண்ணா பந்து வெளாண்டவங்க நாங்க. ஆனா நாளைக்கு எவனாவது அந்தக் கடுதாசிய எடுத்துக்கிட்டு போலீசுக்குப் போகக் கூடாது பாருங்க."

அதனால் ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் வேண்டும் என்றார். அவரே சொன்னார், நான் நல்ல தமிழில் எழுதிக்கொண்டேன்: 'முன்பு நிகழ்ந்த அசம்பாவிதம் இரு தரப்பின் தவறாலும் நேர்ந்தது, இனி அதைப் பற்றி எவரும் பேசுவதில்லை.' அந்த வாக்கியம் இருந்தால் பத்தொன்பது கையெழுத்தும் ஒரே நாளில் வாங்கித் தருகிறாராம்.

ஹரிதாஸ் சார் போனில், "நல்ல வாக்கியம்லா. யாரையும் குத்தல," என்றார்.

26 ஏப்ரல்

தாமானில் பத்தொன்பதும் வந்துவிட்டது. இன்று லயத்துக்குப் போனேன். பன்னிரண்டு வீட்டில் படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார்கள்.

ஏழாம் நம்பரில் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். அந்த வாக்கியம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இன்னொரு வாட்டி படிங்க."

படித்தேன்.

"ரெண்டு பக்கமும் தப்புன்னா அவரு பண்ண தப்பு என்ன? அத எழுதுங்க. மூட்டைய இழுத்தது தப்புன்னு எழுதுங்க. வீட்டுக்குள்ள தண்ணி வந்தது தப்புன்னு எழுதுங்க."

இது பொதுவான வார்த்தை, அக்கா, யாரையும் குறிப்பாகச் சொல்லவில்லை என்றேன்.

"அதான். அவர யாருமே சொல்லலியே." காகிதத்தை என் பக்கம் தள்ளினார்: "கால்வாய்க்கு நான் குறுக்க நிக்கல தேவி. காளிதாஸ ஜெயில்ல போடுன்னும் கேக்கல. அந்த ஒரு வரிய எடுத்துருங்க, இப்பவே போடறேன். பேனா குடுங்க."

முதல்முறையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

27 ஏப்ரல்

காளிதாஸ் அண்ணன் வரியை எடுக்க மாட்டார். எடுத்தால் பத்தொன்பதையும் திரும்ப வாங்கிக்கொள்வாராம். குரலை உயர்த்தவே இல்லை.

10 மே

முப்பத்தொன்று. மூன்று முறை போய்விட்டேன் ஏழாம் நம்பருக்கு. டீ கொடுக்கிறார், உட்கார வைக்கிறார், அதே பதிலைச் சொல்கிறார்.

விதியைத் தளர்த்தலாமா என்று ஹரிதாஸ் சாரிடம் கேட்டேன். தலைவர்கள் இருவர் கையெழுத்தே போதும் என்று நிதி அமைப்புக்கு ஒரு கடிதம் போட்டால்?

"அந்த வரிக்காகத்தானே குடுத்தாங்க. இப்ப மாத்தினா நம்ம திட்டம் தோத்துப் போச்சுன்னு நாமே எழுதிக் குடுத்த மாதிரி. நீ போட்ட ரூல் தேவி. நீயே முடி." பிறகு: "ஒரு ஆளுக்காக மத்த பன்னெண்டு வீடும் டிசம்பர்ல முங்கணுமா? அதையும் யோசி."

யோசிக்கிறேன். அதில் குழந்தைகள் பதினேழு பேர் இருக்கிறார்கள். ஒன்பதாம் நம்பரில் படுத்த படுக்கையாய் ஒருவர். அவரைப் போன வெள்ளத்தில் கதவைக் கழற்றி அதன்மேல் கிடத்தித் தூக்கிவந்தார்கள். அவர்களுக்கு யார் பதில் சொல்வது? அந்த அக்காவா?

17 மே

கோயில் மண்டபத்தில் கூட்டம். ஏன் வேலை தொடங்கவில்லை என்று கேட்டார்கள். கையெழுத்து முழுமையாகவில்லை என்றேன். யாருடையது என்று கேட்டார்கள்.

சொல்லக் கூடாது. தனிப்பட்ட விவரம் வெளியிடக் கூடாது என்று பயிற்சியில் நானே வகுப்பெடுத்திருக்கிறேன். அதனால் சொல்லவில்லை. லயத்துப் பட்டியலை மட்டும் வீட்டு எண் வரிசையில் வாசித்தேன். ஒன்று, ஆயிற்று. இரண்டு, ஆயிற்று. ஆறு, ஆயிற்று. எட்டு, ஆயிற்று.

பெரியநாயகி அக்கா தூண் ஓரம் உட்கார்ந்திருந்தார். எல்லோரும் திரும்பினார்கள்.

வேண்டுமென்றே செய்தேனா?

ஆமாம்.

24 மே

வசந்தன் தோட்டத்துக்குப் போய் வந்து சொன்னான். லயத்தின் பொதுக் குழாயில் அவர் குடம் வைத்தால் எடுத்துத் தள்ளி வைக்கிறார்களாம். பண்ணைக்குப் போகும் லாரியில் அவருக்கு இடமில்லை என்கிறார்களாம். மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். காந்தனின் மோட்டார் சைக்கிள் டயரை யாரோ கிழித்துவிட்டார்கள். மழைத்தண்ணீர் பிடிக்கும் பீப்பாயில் செத்த எலி.

எட்டாம் நம்பர் புனிதா, சுப்பன் செத்தபோது இந்த அக்காவை மூன்று நாள் மடியில் போட்டுக் கஞ்சி ஊட்டியவள். அவள்தான் முதலில் துப்பினாளாம்.

"தாமான்காரங்ககூட இல்ல மிஸ். நம்ம லயத்து ஆளுங்க," என்றான் வசந்தன். அவனுக்குச் சொல்லவே கஷ்டமாக இருந்தது.

மாதாந்தர அறிக்கையில் 'சமூக அளவிலான ஊக்குவிப்பு நடைபெற்று வருகிறது' என்று எழுதினேன். எழுதி முடித்துவிட்டுத் தமிழ் நன்றாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன்.

2 ஜூன், வெள்ளி

பெரியநாயகி அக்கா ஜாசின் டவுனில் எங்கள் ஆபீசுக்கு வந்தார். இரண்டு பஸ் மாறி. நல்ல சேலை கட்டியிருந்தார். கன்னத்தில் ஒரு காயம், ஆறிக்கொண்டிருந்தது. எப்படி என்று நான் கேட்கவில்லை.

கூரைக்காக வந்தார். சமையல்கட்டுப் பக்கம் தகரம் முழுக்கப் போய்விட்டது, மழை அடுப்பிலேயே விழுகிறது. நான்கு தகரம் போதும் என்றார். ஆபீஸ் பின்னாலேயே தகரம் அடுக்கியிருந்தது. ஜன்னல் வழியாக அவருக்கும் தெரிந்தது.

"அது ரெண்டாம் கட்டம்க்கா. கையெழுத்து முடிஞ்சாத்தான் குடுக்க முடியும்."

"மார்ச்ல நான் போடலியே, அப்ப மெத்த குடுத்தீங்களே."

"அது நிவாரணம். இது வேற."

அவர் தண்ணீர் கேட்டார். குடித்தார். தம்ளரை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"என் கூரைக்கும் அவர் சாவுக்கும் என்ன சம்பந்தம்? தகரம் ஓட்டையா இருக்கு, தகரம் குடு. தண்ணி வருது, கால்வாய் வெட்டு. ஒரு மனுசன அடிச்சுக் கொன்னாங்க, கொன்னாங்கன்னு சொல்லு. மூணும் தனித்தனியா இருந்தப்ப எனக்கு ஒண்ணாவது கெடைச்சிச்சு. நீங்கதான் மூணையும் ஒரே கயித்துல கட்டிட்டீங்க. இப்ப அது என் கழுத்துல கெடக்கு."

நான் என்ன சொன்னேன்? விதிமுறை என்றேன். பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள் என்றேன். 'உங்க பிடிவாதத்தால நாளைக்கு ஒரு பிள்ளை தண்ணியில போச்சுன்னா?' என்றும் கேட்டேன். அது விதிமுறையில் இல்லை. அது என்னுடையது.

அவர் எழுந்துவிட்டார். கதவருகில், "நீயும் லயத்துப் புள்ளதானே," என்றார். கோபமே இல்லை அந்தக் குரலில். விவரம் கேட்கிற மாதிரி இருந்தது.

மாலையில் மழை. பின்னால் அடுக்கிய தகரத்தின்மேல் விழும் சத்தம் என் மேசை வரைக்கும் கேட்டது.

4 ஜூன்

ஹமீதா அக்கா கேள்விப்பட்டிருக்கிறார். ஜாசின் பாசாரில் எல்லாப் பேச்சும் வந்துவிடும். அரிசி அளந்துகொண்டே கேட்டார்: "எங்க வீட்டுக்காரர் மௌத்தானப்ப, அவரு செஞ்ச தப்பாலதான் செத்தாருன்னு எழுதிக் குடு, அரிசி தர்றேன்னு யாராவது கேட்டிருந்தா, நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனக்கற?"

மாடிக்கு வந்துவிட்டேன்.

எனக்குக் கெடு பதினைந்தாம் தேதி. அவருக்கு என்ன, கடை.

7 ஜூன்

வழி கிடைத்துவிட்டது. ஒப்பந்தப் படிவத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'குடும்பத் தலைவர்' என்றுதான் இருக்கிறது. பெரியநாயகி என்று அதில் எங்கும் இல்லை. காந்தனுக்கு இருபத்து மூன்று வயது. மின்சாரக் கட்டணம் அவன் பெயரில்.

ஆயர் குரோவுக்குப் போய் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தொழிற்சாலை வாசலில் அவனைப் பிடித்தேன். மெலிந்துவிட்டான். இரண்டு வாரமாக பஸ்ஸில்தான் வருகிறானாம். நாசி லெமாக் வாங்கிக் கொடுத்தேன், பாதிக்கு மேல் சாப்பிடவில்லை.

"அம்மா ராத்திரியில தூங்கறதில்ல மிஸ். வாசல்ல ஒக்காந்துக்கறாங்க, யாராவது வருவாங்கன்னு. எனக்கு இது முடிஞ்சாப் போதும்."

நீ போட்டால் எல்லாம் முடிந்துவிடும் என்றேன். குழாய், லாரி, டயர் எல்லாம். அம்மாவுக்குக் கூரை வரும்.

"அப்பாவப் பத்தி அதுல என்னமோ இருக்குன்னாங்களே?"

"பொதுவா ஒரு வரிதான் காந்தன்."

காகிதத்தைப் பார்த்தான். படித்தானா என்று தெரியவில்லை. "அம்மாவுக்குத் தெரியுமா?"

"நான் பக்குவமா எடுத்துச் சொல்றேன்."

போட்டான். 'காந்தன் த/பெ சுப்பன்.' அப்பா பெயரை எழுதும்போது மட்டும் பேனா நின்றது.

8 ஜூன்

32/32. ஹரிதாஸ் சார் ஆபீசுக்கு கேக் வாங்கி வந்தார்.

இன்று சொல்லிவிடலாம் என்று இருந்தேன். நாளைக்கு.

25 ஜூன், ஞாயிறு

சமாதான விருந்து. தோட்டத்துத் திடலில் கூடாரம், கோலாலம்பூர் விருந்தினர் நால்வர், இரண்டு கேமரா. தாமான் பெண்களும் லயத்துப் பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணன் வீட்டாரோடு கை நனைத்த தங்கைகள் இருந்தார்கள். அழுதார்கள். அது பொய் இல்லை. நானும் அழுதேன்.

காந்தனைக் காளிதாஸ் அண்ணன் பக்கத்தில் நிறுத்தினார்கள். அவர் லட்டைப் பிட்டு அவன் வாயில் வைத்தார். கேமராக்காரர் இன்னொரு முறை என்றார். இன்னொரு முறை வைத்தார்.

அப்போதுதான் பெரியநாயகி அக்காவைப் பார்த்தேன். செம்பனை வரிசை ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். பண்ணையிலிருந்து நடந்து வருகிறார் போல, காலில் பூட்ஸ். நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பதினெட்டு நாள்.

நேராக மேசைக்கு வந்தார். யாரும் தடுக்கவில்லை, வழிவிட்டார்கள். ஒப்பந்தம் கண்ணாடிச் சட்டத்தில் இருந்தது. விரலை வைத்து ஏழாம் நம்பர் வரியைத் தேடினார்.

"இது யாரு எழுதினது?"

"காந்தன் கையெழுத்துதான்க்கா."

"கையெழுத்து அவனோடதுதான். பக்கத்துல குடும்பத் தலைவர்னு இருக்கே. அது யாரு எழுதினது?"

"நான்."

தலையை ஆட்டினார், புரிந்துவிட்டது என்பது போல. காந்தன் "ம்மா" என்றான். வாயோரத்தில் லட்டுத் தூள். அவர் அவனைப் பார்க்கவில்லை. திரும்பிப் பூட்ஸோடு திடலைக் கடந்து போனார். பின்னால் எட்டாம் நம்பர் புனிதா ஏதோ சொல்ல, தாமான் பெண் ஒருத்தி சிரித்தாள். இருவரும் ஒரே தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விருந்தினரில் ஒருவர் அந்த அம்மா யாரென்று கேட்டார். "தோட்டத்து ஆளு," என்றார் ஹரிதாஸ் சார். "கொஞ்சம் மனசு சரியில்ல."

நான் மறுக்கவில்லை.

29 ஜூன்

காந்தன் தொழிற்சாலை விடுதிக்குப் போய்விட்டான். அம்மா போகச் சொல்லவில்லையாம். ஒரு ஆளுக்கு மட்டும் சமைத்தாராம், நாலு நாளாக.

22 ஆகஸ்ட்

கால்வாய் வேலை பாதிக்கு மேல் முடிந்தது. வளைவே இல்லை இப்போது, நேர்க்கோடு. இரு தரப்பு ஆண்களும் ஞாயிற்றுக்கிழமை கூலி வாங்காமல் மண் அள்ளினார்கள். படம் எடுத்தேன். இந்த வேலையில் இவ்வளவு நல்ல படம் நான் எடுத்ததில்லை.

9 செப்டம்பர்

கூரை விநியோகம். இரு தரப்பும் சேர்ந்த கூட்டுக் குழுவுக்குத் தலைவர் காளிதாஸ் அண்ணன். ஒப்பந்தப்படி விநியோகம் குழுவின் பொறுப்பு. முப்பத்தொரு வீட்டுக்கு முடிந்தது. ஏழாம் நம்பரைக் கேட்டேன்.

"குடும்பத் தலைவர் காந்தன்தானே தங்கச்சி? அவரு இப்ப இங்க இல்லியே. தலைவர் இல்லாத வீட்டுக்கு யார் கையெழுத்துல குடுக்கறது? ரூல் நீங்க போட்டதுதான்."

சிரித்த முகம். வெள்ளைச் சட்டை.

படிவத்தைத் திருத்தினால் போதும். அப்போது ஏன் முதலில் காந்தன் பெயர் வந்தது என்று எழுத வேண்டும். எழுதினால் முப்பத்திரண்டாவது கையெழுத்து செல்லாது. செல்லாவிட்டால் கால்வாயே விதிக்கு மாறாக வெட்டியது.

அந்தத் தகரங்கள் காளான் கொட்டகைக்குப் போயின.

4 நவம்பர்

முடிவுக் கணக்கெடுப்பு. 'மறு தரப்பினரை நம்புகிறீர்களா?' ஏப்ரலில் நூற்றில் இருபத்தாறு பேர் ஆமாம் என்றார்கள். இப்போது எண்பத்து மூன்று. வசந்தன் தப்பாகக் கூட்டிவிட்டான் என்று நினைத்து நானே மறுபடி கூட்டினேன். சரிதான்.

காளான் கொட்டகையில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பை கட்டிக்கொண்டிருந்தார்கள். எப்படி இவ்வளவு சீக்கிரம் ஒன்றானீர்கள் என்று அறிக்கைக்காகக் கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "எல்லாருக்கும் ஒரே தலவலிதானே மிஸ், அந்த ஏழாம் நம்பரு." எல்லோரும் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு, மனம் விட்ட சிரிப்பு. அவர் நடப்பது போல ஒருத்தி நடந்து காட்டினாள்.

அதை எழுத முடியாது. 'பொதுவான அனுபவங்களின் மூலம் நெருக்கம் வளர்ந்தது' என்று எழுதினேன்.

காந்தன் ஜோகூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டானாம். தீபாவளிக்கும் வர மாட்டானாம்.

29 நவம்பர்

மூன்று நாள் விடாத மழை. செலண்டார் பக்கம் ரோடு முங்கிவிட்டது. ஆனால் பதினேழாங்கட்டை முங்கவில்லை. காலையில் போய்ப் பார்த்தேன். கால்வாயில் கரையிலிருந்து ஒரு சாண் கீழே தண்ணீர் ஓடுகிறது, நேராக, சத்தமில்லாமல். படுக்கையில் கிடக்கும் ஒன்பதாம் நம்பர்காரரை ஜன்னலோரம் நகர்த்தி வைத்திருந்தார்கள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பலித்துவிட்டது. நான் சொன்னதெல்லாம் பலித்துவிட்டது.

மதியம் இரண்டரைக்கு வசந்தன் போன் செய்தான். ஜாசின் பள்ளி மண்டபத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கு நாங்கள் வைத்திருக்கும் பதிவு மேசையில் இருந்தான். "மிஸ், பெரியநாயகி அக்கா வந்திருக்காங்க. ஒரு பையோட. முழுக்க நனஞ்சுட்டாங்க."

"அங்க தண்ணி ஏறலியே."

"ஏறலதான். கூர மொத்தமா எறங்கிடுச்சாம். பதியவா?"

நாளை நிதி அமைப்பிலிருந்து வருகிறார்கள். பதினேழாங்கட்டையில் ஒருவர்கூட இடம்பெயரவில்லை என்பதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். பதாகைகூட அடித்தாகிவிட்டது.

"வெள்ளத்தால பாதிக்கப்பட்டவங்களுக்குத்தான் மண்டபம். அது கூரைப் பிரச்சன. பதிய வேணாம்."

"எங்க போகச் சொல்றது மிஸ்?"

"வீடு இருக்குல்ல."

போனை அவன் வைக்கவில்லை. அவரிடம் சொல்வது கேட்டது, தயங்கித் தயங்கி. அவர் குரல் கேட்குமா என்று மறு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன். பிள்ளைகள் இரைச்சல்தான். பிறகு வசந்தன்: "போய்ட்டாங்க மிஸ். டீயாவது குடிங்கன்னேன். வேணாம்னுட்டாங்க."

எந்தப் பக்கம் போனார் என்று கேட்டேன். பார்க்கவில்லை என்றான்.

30 நவம்பர்

நிதி அமைப்பினரின் பார்வையிடல் நன்றாக முடிந்தது. காளிதாஸ் அண்ணன் அழகாகப் பேசினார். ஏழாம் நம்பர் பூட்டியிருந்தது. அது யார் வீடு என்று கேட்டார்கள். காலி வீடு என்றேன்.

11 டிசம்பர்

அவரைப் பற்றித் தகவல் இல்லை. செர்காமில் கருவாட்டுக் கொட்டகையில் பார்த்ததாக ஒருவர், இல்லை ஜோகூரில் மகனிடம் என்று இன்னொருவர். காந்தனுக்குப் போன் செய்தேன். என் எண்ணைப் பார்த்ததும் வைத்துவிட்டான்.

ஏழாம் நம்பரைக் காளான் பை அடுக்கும் கிடங்காக்கக் குழு தீர்மானம் போட்டிருக்கிறது. முப்பத்தொரு கையெழுத்து. எதிர்ப்பு இல்லை.

8 ஜனவரி 2024

செலண்டார் திட்டத்துக்கு என்னைப் பொறுப்பாக்கியிருக்கிறார்கள். இருபத்தாறு குடும்பம். அங்கேயும் இரண்டு தரப்பு, அங்கேயும் ஏதோ பழைய கதை. இன்று உட்கார்ந்து படிவத்தைப் புதிதாக எழுதினேன். 'குடும்பத் தலைவர்' என்ற இடத்தில் 'அல்லது அவ்வீட்டில் வயது வந்த எவரேனும் ஒருவர்' என்று சேர்த்திருக்கிறேன். இனி யார் வீட்டுக்கும் நாலு தடவை நடக்க வேண்டியதில்லை.

ஹரிதாஸ் சார் படித்துவிட்டு, இதை மற்ற மாவட்டங்களுக்கும் அனுப்பச் சொன்னார். அனுப்பினேன்.